பெட்ஸன்பேர்க் குன்றைவிட்டு இறங்காதவர்

கல்முனைக் கடற்கரையில் அஸர் தொழுகை முடிந்த கையோடு பந்து உருளத் தொடங்கிவிடும். மஃரிப் பாங்கு சொல்லும்வரைதான் ஆட்டம். பத்தொன்பது வயதுவரை நானும் அந்த மணலில் ஓடியிருக்கிறேன். பெரிய ஆட்டக்காரன் அல்ல. ஆள் குறைந்தால் பின்வரிசையில் நிறுத்துவார்கள். 2004 மார்கழியில் கடல் வந்தபோது எங்கள் ஊர்க் கழகத்தின் கிண்ணங்கள், வலைகள், வரவுப் பதிவேடு எல்லாம் போயின. பதிவேட்டில் பெயர் இருந்தவர்களிலும் சிலர் போனார்கள். மய்யித்துகளை அடக்கிய சில மாதங்களில், கழகத்துக்குத் திரும்பவும் பெயர் எழுத ஒரு பாடசாலைக் கொப்பி வாங்கி வந்தவர் என் மாமா. உம்மாவின் தம்பி. ஒருகாலத்தில் கோல் காப்பாளர்.

கடந்த பருவத்தில் எங்கள் முன்வரிசைப் பையன் ஒருவன் கொழும்பில் ஒரு கழகத்துக்கு ஆடப் போய்விட்டான். சம்பளம் கொடுக்கிறார்கள், தங்க இடம் கொடுக்கிறார்கள். மாமா அந்தப் பையனின் வாப்பாவோடு இரண்டு மாதம் பேசவில்லை. பள்ளிவாசலில் ஒரே சஃப்பில் நின்றாலும் ஸலாத்தோடு சரி. மாமாவின் கோபம் எனக்கு விளங்கியது, பையன் போனதும் விளங்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் ஃபிரிட்ஸ் வால்ட்டரின் வாழ்க்கையைத் திரும்ப வாசிக்கத் தொடங்கினேன்.

வால்ட்டர் எனக்கு அறிமுகமானது மைதானத்தில் அல்ல, ஊடகக் கற்கை வகுப்பில். 1954 உலகக் கிண்ண இறுதிப் போட்டியை ஹேர்பேர்ட் ஸிம்மர்மன் என்ற அறிவிப்பாளர் ஜேர்மன் வானொலியில் வர்ணித்த ஒலிப்பதிவு, வானொலி வரலாற்றில் தவறாமல் பேசப்படுகிற ஒன்று. மொழி விளங்காமல் கேட்டேன். குரல் உடைந்து கத்துவது மட்டும் விளங்கியது. அந்த அணியின் தலைவர் பிறந்து வளர்ந்து கடைசிவரை ஆடியது ஒரே ஒரு ஊர்க் கழகத்துக்கு என்பதும், அந்த ஊர் கல்முனை அளவேயான, ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் வாழும் ஊர் என்பதும் பின்னர்தான் தெரிந்தது.

ஊரின் பெயர் கைஸர்ஸ்லவுட்டர்ன். ஜேர்மனியின் தென்மேற்கில், காடு சூழ்ந்த பகுதி. 1920 ஒக்டோபர் 31ஆம் திகதி வால்ட்டர் அங்கே பிறந்தார். தாயும் தகப்பனும் ஊர்க் கழகத்தின் உணவகத்தை நடத்தினார்கள். ஆட்டம் முடிந்து வீரர்கள் கூடுவதும், தோற்றால் சண்டை பிடிப்பதும் அங்கேதான். கழகம் என்பது அந்தப் பிள்ளைக்கு வெளியே போய்ச் சேருகிற இடமாக இருக்கவில்லை. வீட்டின் முன்னறையாக இருந்தது. எட்டு வயதில் சிறுவர் அணி, பதினேழு வயதில் முதல் அணி. இடையில் வங்கியொன்றில் தொழில் பழகினார். கழகத்தின் மைதானம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எழும் பெட்ஸன்பேர்க் குன்றின் மேல் இருந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

1940 ஆடி மாதம், பத்தொன்பது வயதில், தேசிய அணிக்காக ருமேனியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டார். ஜேர்மனி 9-3 என வென்றது. திகதியைக் கவனியுங்கள். பாரிஸ் விழுந்து ஒரு மாதம். நெஞ்சில் நாஸிகளின் கழுகும் சுவஸ்திகாவும் பொறித்த சட்டையோடுதான் அந்தக் கோல்கள் விழுந்தன. அவர் அரசியல் பேசியவர் அல்ல. ஆனால் யுத்தத்துக்கு நடுவே விளையாட்டு நடந்துகொண்டிருந்தால் எல்லாம் வழமைபோல இருக்கிறது என்று காட்டலாம் என்பது அந்த அரசுக்குத் தெரியும். எங்கள் நாட்டிலும் குண்டு வெடித்த மறுநாள் போட்டி நடந்ததுண்டு. ஆடியவனைக் குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சட்டையை மறந்துவிட்டும் கதை சொல்லமாட்டேன்.

பயிற்றுவிப்பாளர் செப் ஹெர்பெர்கர் தன் பையன்களை முன்னரங்கிலிருந்து விடுப்பில் எடுப்பதற்கு என்னென்னவோ காரணம் கண்டுபிடித்தார். 1942 கார்த்திகையோடு சர்வதேச ஆட்டங்களும் நின்றன. அப்போது வால்ட்டருக்கு 22 வயது, 24 ஆட்டங்கள் ஆகியிருந்தன. படைச் சேவையின்போது மலேரியா பிடித்தது. அதன்பிறகு வெயிலில் உடம்பு தளர்ந்துவிடும், மழையில்தான் ஆட்டம் பிடிக்கும். ஜேர்மனியில் இன்றைக்கும் மழைநாளை வால்ட்டர் காலநிலை என்று சொல்வார்கள். கடைசியில் ஹேர்மன் கிராஃப் என்ற விமானப்படை அதிகாரி உதைபந்தாட்டக்காரர்களைத் தன் பிரிவுக்குச் சேர்த்துக்கொண்டதால் அங்கே போய்ச் சேர்ந்தார். 1945 வைகாசியில் அந்தப் பிரிவு அமெரிக்கர்களிடம் சரணடைந்தது. அமெரிக்கர்கள் அவர்களைச் சோவியத் படையிடம் ஒப்படைத்தார்கள்.

சரணடைந்தவர்களை இன்னொரு தரப்பிடம் ஒப்படைப்பது என்றால் என்ன என்பதை இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்களைக் கொண்டுபோய் வைத்த முகாம் சிகெத் என்ற ஊரில் இருந்தது. இன்று ருமேனியாவில், உக்ரேன் எல்லையோரம், திஸா ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்கிருந்து கைதிகள் கிழக்கே, சோவியத் உழைப்பு முகாம்களுக்குப் போவார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். காவலுக்கு நின்ற ஹங்கேரியரும் ஸ்லோவாக்கியரும் ஓய்வு நேரத்தில் பந்தடிப்பார்கள். ஒருநாள் பந்து வால்ட்டரின் காலடிக்கு வந்தது. அவர் அதைத் திருப்பி அடித்த விதத்தைப் பார்த்து அவரையும் ஆட்டத்தில் சேர்த்தார்கள். ஹங்கேரியக் காவலாளி ஒருவருக்கு அந்த முகம் ஞாபகம் வந்தது. 1942இல் புடாபெஸ்ற்றில் ஜேர்மனி 5-3 என்று ஹங்கேரியை வென்ற ஆட்டத்தை அவர் பார்த்திருந்தார். கிழக்கே அனுப்பும் பட்டியல் தயாரானபோது, இவர் ஜேர்மானியர் அல்ல, சார் பிரதேசத்துக்காரர் என்று அவர் சோவியத் அதிகாரிகளிடம் சொன்னார். அது பொய். அந்தப் பொய்யால் ஒரு பெயர் பட்டியலிலிருந்து கழன்றது.

அதே சிகெத்தில், அதற்குச் சரியாக ஒரு வருடம் முன், 1944 வைகாசியில், ஊரின் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக இருந்த யூதர்களை ரயிலில் ஏற்றி அவுஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். பின்னாளில் நோபல் சமாதானப் பரிசு பெற்ற எழுத்தாளர் எலி வீசல் அந்த ஊர்ப் பிள்ளை. ஏற்றப்பட்டபோது அவருக்கு 15 வயது. வால்ட்டர் உயிர் தப்பிய இடம், சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்து வெறுமையாகிக் கிடந்த ஓர் ஊர். வால்ட்டரின் கதையை அற்புதம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு ஆட்டக்காரரைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. யூலியுஸ் ஹிர்ஷ். கைஸர்ஸ்லவுட்டர்னிலிருந்து நூறு கிலோமீற்றருக்குள் உள்ள கார்ல்ஸ்ரூஹ நகரத்தவர். பத்து வயதில் தன் நகரக் கழகத்தில் சேர்ந்து, 1910இல் அதோடு ஜேர்மன் சம்பியன் ஆனார். தேசிய அணிக்கு ஏழு ஆட்டங்கள். 1912இல் நெதர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல். முதலாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் இராணுவத்தில் நின்று பதக்கமும் வாங்கினார். 1933 சித்திரையில் ஒருநாள் பத்திரிகையைத் திறக்கிறார். தென் ஜேர்மனியின் பெரிய கழகங்கள் யூதர்களை வெளியேற்றப்போவதாக அறிவித்திருக்கின்றன. பட்டியலில் தன் கழகத்தின் பெயரும் இருக்கிறது. முப்பது வருடங்களுக்கு மேல் உறுப்பினராக இருந்தவர், மனவேதனையோடு தானே விலகுவதாக ஒரு கடிதம் எழுதினார். 1943 பங்குனி முதலாம் திகதி அவரையும் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவில்லை.

ஹிர்ஷின் விசுவாசம் வால்ட்டருடையதைவிட எந்த வகையில் குறைந்தது? 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிலும் அவரவர் ஊர்க் கழகத்துக்கு ஆடியவர்கள் இருந்திருப்பார்கள். அதே வருடம் எங்கள் கரையோரத்திலும் ஊரைவிட்டு ஓடிய தமிழ்க் குடும்பங்களில் இருந்திருப்பார்கள். பாண்டிருப்பும் மருதமுனையும் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள், நடுவில் இருப்பது ஒரு தெருதான். அந்தத் தெருவைக் கடந்து பந்தடிக்கப் போகாத வருடங்கள் எங்களுக்கு இருந்தன. விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது நாங்கள் எப்போதும் ஆட்டக்காரனைத்தான் விசாரிக்கிறோம். ஊரை விசாரிப்பதில்லை.

வால்ட்டருக்கு ஊர் இருந்தது, ஆனால் பாதி இடிந்த ஊர். 1945 ஒக்டோபர் கடைசியில் வந்து சேர்ந்தபோது கைஸர்ஸ்லவுட்டர்னின் பெரும்பகுதி குண்டுவீச்சில் சிதைந்து, பிரெஞ்சுப் படையின் நிர்வாகத்தில் கிடந்தது. தம்பி ஒட்மார் கடற்படையில் காயப்பட்டு, பிரித்தானியரிடம் கைதியாக இருந்து பின்னர்தான் வந்தார். அந்த நாட்களில் ஜேர்மன் கழகங்கள் கிராமம் கிராமமாகப் போய்ச் சிநேகபூர்வ ஆட்டம் ஆடின. கூலி காசல்ல. உருளைக்கிழங்கு, மா, இறைச்சி. வால்ட்டர் ஆடவும் செய்தார், பயிற்றுவிக்கவும் செய்தார். சுனாமிக்குப் பிறகு எங்கள் கழகம் ஆடிய முதல் போட்டிக்கு நிவாரண நிறுவனம் ஒன்று கொடுத்த பந்துதான் இருந்தது, பரிசு ஆளுக்கொரு பால்மா பைக்கற். வால்ட்டரின் உருளைக்கிழங்குக் கதையை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது.

1948இல் இத்தாலியா என்ற இத்தாலியப் பெண்ணைத் திருமணம் செய்தார். பிரெஞ்சு நிர்வாகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவர். ஊருக்குப் பிடிக்கவில்லை. வெளியாள், நாகரிகக்காரி, எங்கள் பையனின் ஆட்டத்தைக் கெடுத்துவிடுவாள் என்று கதைத்தார்கள். ஊர்ப் பாசத்துக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. உன்னை நேசிக்கும் ஊர் உன் வீட்டுக்குள்ளும் எட்டிப்பார்க்கும். அந்த வாய்கள் அடங்கச் சில வருடங்கள் பிடித்தன. திருமணம் ஐம்பத்து மூன்று வருடங்கள் நிலைத்தது.

1951இல் கைஸர்ஸ்லவுட்டர்ன் முதல்முறையாக ஜேர்மன் சம்பியன் ஆனது. பேர்லினில் நடந்த இறுதிப் போட்டியில் 2-1. இரண்டு கோலும் ஒட்மாருடையவை. 1953இல் மீண்டும் சம்பியன். இடையில் 1951இல் அத்லெட்டிகோ மட்ரிட் வால்ட்டரைக் கேட்டு வந்தது. ஜேர்மனியில் அப்போது ஒப்பந்த வீரர் ஒருவருக்கு மாதம் 320 மார்க்குக்கு மேல் கொடுக்க விதி இடம்தரவில்லை. ஸ்பெயின்காரர்கள் காட்டிய தொகை அந்தக் கணக்குக்குள் அடங்காது. இத்தாலி, பிரான்ஸிலிருந்தும் அழைப்புகள் வந்தன. அவருக்கு 30 வயது. யுத்தம் தின்ற வருடங்களுக்கு ஈடுசெய்ய அதுதான் கடைசி வாய்ப்பு. மனைவியோடு கதைத்துவிட்டு, வீட்டைப்போல வீடு வராது என்று முடிவெடுத்து மறுத்துவிட்டார்.

இதை வெறும் தியாகமாகச் சொல்லிவிட்டுப் போவது நேர்மையல்ல. வெளிநாட்டில் ஆடுகிறவர்களை ஹெர்பெர்கர் அப்போது தேசிய அணிக்கு எடுப்பதில்லை. போயிருந்தால் உலகக் கிண்ணம் இல்லை. ஊரில் அவருக்கு ஒரு சலவை நிலையமும் ஒரு திரையரங்கும் இருந்தன. பெயர் சோறு போட்டது. தங்குவதற்கு வழி இருந்தது, தங்கினார்.

போனவர் ஒருவரையும் பார்க்க வேண்டும். பிரேமன் நகரத்தைச் சேர்ந்த பேர்ட் ட்ராட்மன், பரசூட் படையில் இருந்து பிரித்தானியரிடம் கைதியானவர். விடுதலையானபின் ஊர் திரும்பாமல் இங்கிலாந்திலேயே நின்று, 1949இல் மான்செஸ்டர் சிற்றியின் கோல் காப்பாளரானார். ஜேர்மானியனை எடுக்காதே என்று ஆயிரக்கணக்கானோர் வீதியில் இறங்கினார்கள். 1956 எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் கடைசிவரை நின்றார். பதினைந்து வருடம் அந்த ஒரே கழகம். ஜேர்மன் தேசிய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. கனடாவிலும் இலண்டனிலும் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ட்ராட்மனின் கதை வால்ட்டருடையதைவிட நெருக்கமாக இருக்கலாம்.

1954க்கு வருவோம். வைகாசியில் ஜேர்மன் இறுதிப் போட்டியில் கைஸர்ஸ்லவுட்டர்ன் ஹனோவர் அணியிடம் 1-5 என்று படுமோசமாகத் தோற்றது. உலகக் கிண்ணத்துக்குச் சில வாரங்களே இருந்தன. அந்த ஊர்க்காரர்களைக் கழற்றிவிடு என்று பத்திரிகைகள் எழுதின. ஹெர்பெர்கர் ஐந்து பேரை எடுத்தார். வால்ட்டர் சகோதரர்கள் இருவர், லீப்ரிஷ், கோல்மேயர், எக்கல். ஒரு சிறு நகரத்திலிருந்து ஐவர். வால்ட்டர் மனத்தளவில் பலமான ஆள் அல்ல. தோல்வி அவரை நாட்கணக்கில் முடக்கிவிடும். அதனால் பகிடிக்காரரான ஹெல்முட் ரானை அவருடைய அறையில் போட்டார் ஹெர்பெர்கர். முதல் சுற்றில் ஹங்கேரியிடம் 3-8. அரையிறுதியில் ஒஸ்ரியாவை 6-1 என வென்றபோது சகோதரர்கள் ஆளுக்கு இரண்டு கோல் போட்டார்கள்.

ஆடி 4ஆம் திகதி, பேர்ன் நகரம். காலையில் வெயில் அடித்தது. மத்தியானத்தில் மழை தொடங்கியது. எதிரே மீண்டும் ஹங்கேரி, நான்கு வருடங்களாகத் தோற்காத அணி. எட்டே நிமிடங்களில் 2-0 என்று முன்னேறியது. பதினெட்டாவது நிமிடத்தில் 2-2. 84ஆவது நிமிடத்தில் ரான் அடித்த பந்து வலைக்குள் போனபோதுதான் ஸிம்மர்மனின் குரல் உடைந்தது. கிண்ணத்தை வாங்கியவர் 33 வயதான வால்ட்டர். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஹங்கேரியர் சொன்ன பொய்யால் உயிரோடு இருந்தவர். அரங்கில் இருந்த ஜேர்மன் இரசிகர்களில் பலர் கீதத்தின் பழைய முதற் பாட்டைப் பாடினார்கள். யுத்தத்தில் தாங்கள் செய்ததைப் பேசாமலே மீண்டும் தலைநிமிர ஒரு நாட்டுக்கு அந்த வெற்றி உதவியது என்று விமர்சிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த விமர்சனத்தில் உடன்பாடு உண்டு. அதே நேரம், இடிபாட்டுக்குள் இருந்து வானொலியைக் கேட்டு அழுத மனிதர்களை என்னால் இகழ முடியவில்லை.

1956 ஒக்டோபரில் கைஸர்ஸ்லவுட்டர்ன், நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில், கிழக்கு ஜேர்மனியின் லைப்ஸிக் நகரத்துக்குப் போய் கிழக்கு ஜேர்மன் கழகமொன்றோடு ஆடியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். முன்னால் விழுந்தபடியே, முதுகுக்கு மேலாக வந்த பந்தைக் குதிகாலால் அடித்துக் கோலாக்கினார் வால்ட்டர். எதிர்த் தரப்புக் கூட்டம் முழுவதும் கைதட்டியது. அவருடைய கோல்களில் எதையாவது நேரில் பார்க்கக் கிடைக்குமென்றால், உலகக் கிண்ணத்தை விட்டுவிட்டு நான் இதைத்தான் கேட்பேன்.

37 வயதில் 1958 உலகக் கிண்ணத்திலும் ஆடினார். அரையிறுதியில் சுவீடனுக்கு எதிராகக் காயப்பட்டதோடு தேசிய அணி முடிந்தது. மொத்தம் 61 ஆட்டங்கள், 33 கோல்கள். அடுத்த வருடம் கழகத்திலும் ஓய்வு. சிறுவர் அணியிலிருந்து கணக்கிட்டால் முப்பது வருடங்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட கோல்கள், ஒரே சட்டை.

அதன்பிறகு ஊருக்கு அருகே அல்சன்போர்ன் கிராமத்தில் வீடு கட்டி, அந்தக் கிராமக் கழகத்தையும் தூக்கிவிட்டார். ஹெர்பெர்கரின் பெயரிலான அறக்கட்டளைக்காகச் சிறைச்சாலைகளுக்குப் போய்க் கைதிகளோடு பேசினார். முகாமில் இருந்தவருக்கு அது தெரிந்த இடம். ஊர் எல்லோரையும் ஒரேமாதிரித் தாங்கிவிடவில்லை. கூட ஆடிய கோல்மேயர் குடியில் விழுந்து, குடும்பத்தை இழந்து, வேறு நகரத்தில் வாயிற்காவலராக வேலை செய்து, 49 வயதில் இறந்தார். அவரும் உலகக் கிண்ணம் வென்றவர்தான்.

1985இல் குன்றின் மேலிருந்த அரங்குக்கு வால்ட்டரின் பெயரை வைத்தார்கள். உயிரோடு இருக்கிறவரின் பெயரில் அரங்கு என்பது அவருக்குச் சங்கடமாகவும் இருந்திருக்கும். வயதான காலத்தில் அவருக்கு ஒரே ஆசைதான் மிச்சம். 2006 உலகக் கிண்ணத்தில் ஒரு போட்டியாவது தன் ஊரில் நடக்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டும். ஊர் தெரிவானது. 2001 மார்கழியில் இத்தாலியா இறந்தார். ஆறு மாதம் கழித்து, 2002 ஜூன் 17ஆம் திகதி, 81 வயதில் வால்ட்டரும் போனார். நான்கு நாளுக்குப் பிறகு உலகக் கிண்ணக் காலிறுதியில் ஜேர்மன் அணி கறுப்புப் பட்டியோடு ஆடியது.

2006 ஜூன் 17. அவர் இறந்த அதே திகதி. பெட்ஸன்பேர்க் அரங்கில் அன்று இத்தாலியும் அமெரிக்காவும் மோதின. ஒன்று அவர் மனைவியின் நாடு. மற்றது 1945இல் அவருடைய ஊருக்குள் முதலில் நுழைந்த படையின் நாடு. ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள்.

இதையெல்லாம் போன வாரம் மாமாவுக்குச் சொன்னேன். ஹிர்ஷின் இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரும்ப ஒருமுறை கேட்டார். பிறகு கொழும்புக்குப் போன பையனின் பெயர் கொப்பியில் இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்டேன். அலுமாரியைத் திறந்து எடுத்துக் காட்டினார். வெட்டவில்லை.